இறங்க மாட்டேன் என்றாள் கவிதா

புதன், ஜனவரி 28

காலையில் மஸ்கட்டின் ரூவி மலைகள் மேல் மேகம். மழை வரும் என்று குடையோடு டூட்டிக்குப் போனேன். வரவில்லை. குடையைக் கிளினிக்கிலேயே மறந்துவிட்டு வந்தாயிற்று.

கவிதா மறுபடி போன். வெள்ளி, சனி ஜபல் அக்தர் மலைக்குப் போகிறார்களாம். பெண்கள் மட்டும். கணவர்கள் கிடையாது, பிள்ளைகள் கிடையாது.

“நீங்க கண்டிப்பா வரணும் சிஸ்டர். நீங்க இல்லாம நான் போக மாட்டேன்.”

ஏன் நான்? அவள் மகளுக்கு டைபாய்டு வந்தபோது ஊசி போட்டவள் நான். அவ்வளவுதான் பழக்கம். பொங்கலன்று கிளினிக்குக்கே வந்து ஒரு டப்பா சர்க்கரைப் பொங்கல் கொடுத்துவிட்டுப் போனாள். டப்பாவை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. அவள் கணவர் கம்பெனி மேனேஜர். குடும்ப விசா, பெரிய ஃபிளாட், பால்கனியில் துளசிச்செடி. நான் மூன்று நர்ஸுகளோடு ஒரு அறை.

ஒரே அறையில் இருக்கும் பிந்து மலையாளத்தில் திட்டினாள். “விளிச்சால் போகணும் சேச்சி. சனிக்கிழமை டூட்டி ஞான் நோக்காம்.” அவள் பார்த்துக்கொள்வாளாம்.

ஊருக்குப் போன் செய்து இவரிடம் சொன்னேன். “கடல் கெடக்கும்போ மலைக்கு எதுக்கு?” என்றார். பிறகு, “சரி, போ.” மகன் பேச வரவில்லை. படிக்கிறானாம். போன தடவையும் படித்துக்கொண்டுதான் இருந்தான்.

எடுத்துப் போக: ஸ்வெட்டர் (பிந்துவுடையது), காலுறை, வாந்தி மாத்திரை, பிரஷர் மெஷின், ஜெபமாலை, கவிதாவின் டப்பா. காலியாகவா கொடுப்பது? பேரீச்சம்பழம் வாங்கிப் போட வேண்டும்.

வியாழன், ஜனவரி 29

காய்ச்சல் கூட்டம். நிற்க நேரமில்லை. கவிதா வாட்ஸாப் குரூப் தொடங்கியிருக்கிறாள். பெயர் ‘மலைத் தோழிகள்’. இதுவரை ஒருவரையொருவர் பார்த்தே இராதவர்கள் தோழிகள். ரோஜாப் படங்களாக அனுப்பிக்கொண்டே இருக்கிறாள். மேலே ரோஜாத் தோட்டம் உண்டாம்.

போகாமல் இருந்துவிடலாமா? தலைவலி என்று சொல்லலாம். நர்ஸுக்குத் தலைவலி என்றால் யார் நம்புவார்கள்?

வெள்ளி, ஜனவரி 30. மலைமேல், மாலை

குளிர். விரல் மடங்கவில்லை. எழுத்து கோணல்.

காலையில் ரூவி பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஏற்றிக்கொண்டார்கள். வண்டி ஓட்டியது சுகந்தி. யாழ்ப்பாணத்துக்காரி, ஒரு கப்பல் கம்பெனியில் கணக்கு. ஃபோர் வீல் வண்டி இல்லாவிட்டால் அடிவாரத்தில் போலீஸ் திருப்பி அனுப்பிவிடுமாம். அவள் கணவரிடம் அந்த வண்டி இருந்தது. அதற்காகத்தான் கவிதா தன்னைக் கூப்பிட்டிருக்கிறாள் என்று அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள். “எனக்குக் கவலையில்லை. எனக்கும் வீட்டை விட்டு வெளிக்கிட ஒரு சாட்டு வேணும்.”

பின் சீட்டில் என்னோடு ஜெசீமா ராத்தா. காயல்பட்டினம். ஐம்பது தாண்டியவர். மடியில் பெரிய பாத்திரம். “இடியாப்பம் புள்ள. மூடியத் தொறக்காத, ஆவி போயிரும்.” கவிதாவின் கீழ்வீட்டுக்காரர்.

கவிதா முன் சீட்டில். காரைக்குடிப் பக்கம். கூலிங் கிளாஸ். மஸ்கட் தாண்டி மலை அடிவாரம் வரை ஒரு நிமிடம் வாயை மூடவில்லை. என்ன பேசினாள் என்று இப்போது யோசித்தால் ஒன்றும் ஞாபகமில்லை.

செக்போஸ்டில் போலீஸ்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். பின் சீட்டையும் பார்த்தார். “ரிஜால் மாஃபி?” ஆம்பிளை யாரும் இல்லையா என்று கேட்கிறார். “மாஃபி” என்றாள் சுகந்தி. சிரித்துவிட்டு “யல்லா” என்று கையை வீசினார்.

ஏற ஏறக் காது அடைத்தது. ராத்தா கண்ணை மூடி ஓதிக்கொண்டே வந்தார். கடற்கரையில் பிறந்த எனக்கு உயரம் ஆகாது. ஆனாலும் பார்த்தேன். பச்சை மலை என்று பெயர், ஒரு பச்சையும் இல்லை. எல்லாம் பாறை.

ரோஜாவும் இல்லை. ஒரு வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் கவிதா போனில் படத்தைக் காட்டிக் கேட்டாள். அவர் எங்களை ரொம்ப இரக்கமாகப் பார்த்து “ஏப்ரல்” என்றார். படிப்படியான வயல்களில் மாதுளை மரங்கள் மட்டும், ஓர் இலை இல்லாமல்.

“யாருமே என்ட்ட சொல்லலையே,” என்றாள் கவிதா.

“கேட்டிருந்தால் எல்லோ சொல்லுறதுக்கு,” என்றாள் சுகந்தி.

வாடகைக்கு எடுத்த கல்வீடு. ஓர் அறையில் ஹீட்டர் வேலை செய்கிறது. எல்லாரும் அதிலேயே படுப்பது என்று முடிவு.

மத்தியானம் கவிதா எங்களை வட்டமாக உட்காரவைத்தாள். இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டுமாம். அப்போதுதான் தோழிகள் ஆவோமாம். எங்கேயோ படித்திருக்கிறாள்.

சுகந்தி: “எனக்கு உந்த விளையாட்டுகள் சரிவராது.”

ராத்தா: “நான் சொல்லுறேன். எங்க ஊட்டு ஆள் சலாலாவுக்கு வேலையாப் போனா எனக்கு ஈத் மாதிரி இருக்கும். டிவி ரிமோட்டு என் கையில.” எல்லாரும் சிரித்தோம்.

என் முறை. எதையாவது சொல்லிச் சமாளிக்கத்தான் நினைத்தேன். வாயில் வந்தது வேறு. “எனக்க மவன் எனக்கிட்ட பேசமாட்டான். அவனுக்க ஆறு வயசுல அவன விட்டுட்டு இங்க வந்தவ நான். போனைக் குடுத்தா, ‘ம்’ன்னுவான். அவ்வளவுதான்.” பிந்துவிடம்கூடச் சொன்னதில்லை. முன்பின் தெரியாதவர்களிடம் ஏன் சொன்னேன்?

ராத்தா என் தட்டில் இன்னும் இரண்டு இடியாப்பம் வைத்தார். கவிதா என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தாள். பிறகு கேட்ட கேள்விதான் விசித்திரம். “உங்க விசா கிளினிக் எடுத்ததா சிஸ்டர்? உங்க பேர்லயே இருக்கா?”

மகனைப் பற்றிச் சொன்னால் விசாவைப் பற்றிக் கேட்கிறாள்.

அவள் முறை வந்தபோது, “டீ போடுறேன்” என்று எழுந்து போய்விட்டாள்.

மகனுக்கு மலைப் படம் ஒன்று அனுப்பினேன். இரண்டு நீல டிக். பதில் இல்லை.

சனி, ஜனவரி 31. ரூவி, திரும்பி வந்தபின்

எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

காலையில் பைகளை வண்டியில் ஏற்றியாயிற்று. கவிதா மட்டும் வீட்டுத் திண்டில் சால்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“நான் வரல. நீங்க போங்க.”

“என்ன பகிடியே?” என்றாள் சுகந்தி.

“இல்ல. நான் எறங்க மாட்டேன்.”

நான் போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை. பிரஷர் பார்த்தேன். எனக்கு இருப்பதைவிட நன்றாக இருந்தது. என்ன செய்வது என்று தெரியாதபோது பிரஷர் பார்ப்பது என் புத்தி.

அவள் போன் அடித்தது. கணவர். எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. திருப்பிக் கவிழ்த்து வைத்தாள்.

ராத்தா பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினார். “என்னன்னு சொல்லு புள்ள. சொன்னாத்தானே தெரியும்.”

சொன்னாள். மார்ச்சில் மகள் பரீட்சை முடிந்ததும் அவளும் மகளும் ஊருக்கு. ஒரேயடியாக. டிக்கெட் போட்டாயிற்று. காரைக்குடியில் பள்ளிக்கூடமும் பார்த்தாயிற்று. மாமியாருக்குத் துணை வேண்டும், மகளுக்கு ஊர்ப் படிப்பு வேண்டும். கணவர் இங்கே இருப்பார், வருடத்துக்கு ஒரு தடவை வருவார்.

“என்ட்ட கேக்கல ராத்தா. சொன்னார். பொங்கல் அன்னிக்கு, சாப்பிட்டுக்கிட்டே. ‘ரசம் ஊத்து’ன்னு சொல்ற மாதிரி சொன்னார்.”

பொங்கலன்றுதான் எனக்கு அந்த டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

“அவர் நல்ல மனுசர்தானே புள்ள?” என்றார் ராத்தா.

“நல்ல மனுசர்தான். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். அதான் யார்ட்டயும் சொல்ல முடியல. சொன்னா, ‘இதுக்குப் போயி அழுவாங்களா’ன்னு கேப்பாங்க.”

ஊரில் அப்படி என்ன பயம் என்று சுகந்தி கேட்டாள். கவிதா சால்வையை இழுத்துக்கொண்டாள். “பயமெல்லாம் இல்ல. கல்யாணமாகி நேரா இங்கிட்டுதான் வந்தேன். இங்க எந்த பஸ் எங்க போகும்னு தெரியும். மீன் கடைக்காரர் என் முகத்தைப் பாத்ததும் எந்த மீன்னு எடுத்து வைப்பார். ஊருல மாமியார் வீட்டுல நான் விருந்தாளியாத்தான் இருந்திருக்கேன். இனிமே யாரா இருக்கணும்னு தெரியல.”

பிறகு என் பக்கம் திரும்பினாள். “சிஸ்டர்தான் எனக்கு ஒரு வழி சொல்லணும். ஒரு வேலை கெடைச்சா விசா என் பேர்ல வந்துரும்ல? உங்க டாக்டர்ட்ட ஒரு வார்த்தை…”

காது வரை சுட்டது. பொங்கல் டப்பா, ‘நீங்க இல்லாம போக மாட்டேன்’, பிடித்த கை, கலங்கிய கண், எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

“இதுக்குத்தானா என்னயக் கூப்பிட்டிய?”

இல்லை என்று சொல்வாள் என்றுதான் நினைத்தேன். “ஆமா சிஸ்டர்,” என்றாள்.

எழுந்து நடந்துவிட்டேன். மாதுளைத் தோட்டப் படிகளில் இறங்கி, வாய்க்கால் கரை வரை. ஐஸ் மாதிரித் தண்ணீர். காற்று முகத்தை அறுத்தது. அழுகை வந்ததா, குளிரில் கண்ணீரா, தெரியாது. எனக்கு வீட்டுக்குப் போக வேண்டும். இத்தனை வருடமாகப் போக வேண்டும். ‘இன்னும் ரெண்டு வருசம் நில்லு’ என்பார் இவர். அந்த ரெண்டு வருடம் முடிவதே இல்லை. ஊருக்குப் போ என்று டிக்கெட் போட்டுக் கொடுத்தால் நான் ஓடியே போவேன். இவள் மலையில் உட்கார்ந்து மாட்டேன் என்கிறாள். இவள்மேல் கோபமா, பொறாமையா? இவள் கஷ்டம் ஒரு கஷ்டமா? கஷ்டம்தானே? ஒன்றும் பிடிபடவில்லை.

பின்னாலேயே கவிதா வந்தாள். வீட்டுச் செருப்பு. சால்வையை எங்கேயோ விட்டுவிட்டாள். பல் தந்தி அடித்தது.

“ஆமான்னு சொல்லியிருக்கக் கூடாது.”

“உண்மைதானே?”

“உண்மைதான். ஆனா நேத்தே கேக்கணும்னு இருந்தேன். நீங்க மகனைப் பத்திச் சொன்னீங்க. அதுக்கப்புறம் வாய் வரல. விசாவைப் பத்திப் பாதியில கேட்டேன், எனக்கே அசிங்கமா இருந்துச்சு. டீ போட்ட சாக்குல அடுப்படியில நின்னு அழுதேன்.”

“எனக்கு ஊருக்குப் போவக் கொதி. நீ போவமாட்டேங்க. எனக்கு ஒண்ணும் மனசிலாவல கவிதா.”

“எனக்கும் புரியலக்கா.”

எப்போது நான் ‘நீ’ என்றேன், அவள் ‘அக்கா’ என்றாள்? எழுதும்போதுதான் தெரிகிறது. அந்த நேரம் இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

அவள் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. பிந்துவின் ஸ்வெட்டரைக் கழற்றி மாட்டிவிட்டேன். நன்றாகத் திட்டினேன். நிமோனியா வந்தால் யார் பார்ப்பது? நான்தானே.

மேலே வந்தபோது ராத்தா பைக்கு மேல் உட்கார்ந்திருந்தார். “மலையில உக்காந்தா விசா வருமா புள்ள? கீழ எறங்கித்தான் வாங்கணும். ஏறு வண்டியில.” அவ்வளவுதான். கவிதா ஏறிவிட்டாள். நான் வாய்க்கால் கரையில் சொன்ன எதற்கும் அவள் இறங்கி வரவில்லை, அது நிச்சயம். கணவருக்கு மட்டும் ‘வர்றேன்’ என்று மெசேஜ் போட்டாள்.

இறக்கத்தில் பாதி வழியில் கருகிய வாடை. “பிரேக் மணக்குது,” என்று சுகந்தி ஓரமாக நிறுத்தினாள். சக்கரத்திலிருந்து புகை. ஆற வேண்டும் என்றாள். தைரியமாகத்தான் சொன்னாள், ஸ்டியரிங்கை விடவில்லை. ராத்தா இறங்கி வாந்தி எடுத்தார். நான் தலையைப் பிடித்துக்கொண்டேன், கவிதா தண்ணீர் ஊற்றினாள். எல்லாம் முடிந்து வாயைத் துடைத்துக்கொண்டு ராத்தா கேட்டது: “மிச்ச இடியாப்பம் எங்க?”

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. சுகந்தி ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தாள், பிறகு அழுதாள். தான் இதுவரை மலை இறக்கத்தில் வண்டி ஓட்டினதே இல்லை என்று அப்போதுதான் சொன்னாள். “சொன்னால் நீங்கள் வந்திருக்க மாட்டீங்கள்.”

ஓர் ஓமானிக் குடும்பம் வண்டியை நிறுத்தி விசாரித்தது. அந்த அம்மாள் ஜன்னல் வழியாக ஒரு பிளாஸ்க் காப்பி கொடுத்தாள். எங்களை மாறி மாறிப் பார்த்து, அக்கா தங்கையா என்று அரபியில் கேட்டாள். ஒருத்திக்கு முக்காடு, ஒருத்திக்குச் சிலுவை, ஒருத்திக்குப் பொட்டு, ஒருத்திக்கு ஜீன்ஸ். கவிதா கொஞ்சமும் யோசிக்காமல் “ஐவா” என்று தலையாட்டினாள். அம்மாள் நம்பிவிட்டாள் போல. ரொம்ப சந்தோஷப்பட்டாள்.

டப்பாவைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன். பேரீச்சம்பழத்தோடு இதோ மேசையில்.

ஞாயிறு, பிப்ரவரி 1

வெயில். மூக்கடைப்பு. எனக்குத்தான், கவிதாவுக்கு ஒன்றுமில்லையாம்.

காலையில் எழுந்ததும் கோபம் திரும்ப வந்துவிட்டது. நான் ஏன் கேட்க வேண்டும்? பத்து மணிக்கு டாக்டர் அறைக்குள் போய்க் கேட்டேன். ரிசப்ஷன் வேலையெல்லாம் ஓமானிகளுக்கு மட்டும்தான் என்றார். “மாஃபி, சிஸ்டர்.” சரி, என் கடமை முடிந்தது என்று வெளியே வந்தேன். நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

பிரஷர் பார்க்க வரும் ஷீலா மேடம் பக்கத்துத் தெருவில் குழந்தைகள் பள்ளி நடத்துகிறார். கையில் பட்டையைச் சுற்றும்போது கேட்டுவிட்டேன். கவிதா மாண்டிசோரி கோர்ஸ் படித்தவள் என்று நேற்று வண்டியில் சொன்னது அப்போது பார்த்து ஞாபகம் வந்தது. “செவ்வாய்க்கிழமை கூட்டிட்டு வா,” என்றார். அவருக்குப் பிரஷர் கூடுதல். என் கேள்வியாலா?

ஒரு குடும்பத்துக்குள் கை வைக்கிறேனோ? கவிதாவின் கணவர் நல்ல மனிதர் என்று அவளே சொல்கிறாள். ஊரில் அந்த மாமியார் கிழவிக்கும் யாராவது துணை வேண்டும்தானே.

சாயங்காலம் கவிதாவுக்குப் போன். “பாப்பா என்ன சொல்லுது?”

“கேக்கலக்கா.”

“கேளு.”

திங்கள், பிப்ரவரி 2

கேட்டாளாம். மகள் ஆங்கிலத்தில் பதில் சொன்னதாம், எனக்குத் தெரியாது அம்மா என்று. பிறகு, ஊரில் நாய்க்குட்டி வளர்க்கலாமா என்று கேட்டதாம். அப்புறம் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் தோழியோடு போனில் அழுததாம்.

“இதுக்கு என்ன அர்த்தம்க்கா?”

எனக்கு எப்படித் தெரியும்? என் மகன் ‘ம்’ என்பதற்கே அர்த்தம் தெரியாதவள்.

குரூப்பில் ராத்தா ஒரு ரோஜாப் படம் போட்டு ‘ஏப்ரல்’ என்று எழுதியிருக்கிறார். சுகந்தி பிரேக் மாற்றிய படம்.

செவ்வாய், பிப்ரவரி 3

தூசிக் காற்று. டூட்டி முடிந்ததும் கவிதாவை ஷீலா மேடத்திடம் கூட்டிப் போனேன். காட்டன் சேலை கட்டியிருந்தாள், பேச்சே இல்லை. முதல் தடவையாக அவள் பேசாமல் பார்க்கிறேன். உள்ளே ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. மேடம் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும்போதே கவிதா எழுந்துபோய் அந்தக் குழந்தையைத் தூக்கி ஜன்னல் பக்கம் நின்றாள். குழந்தை அழுகையை நிறுத்தவில்லை. இன்னும் சத்தமாக அழுதது. ஆனாலும் மேடத்துக்குப் பிடித்துவிட்டது போல. ஏப்ரலிலிருந்து வரலாம் என்றார். ஒன்று மட்டும்: இப்போது விசா கணவர் பேரில் இருப்பதால் மாற்ற அவர் சம்மதம் வேண்டும்.

படியிறங்கும்போது கவிதா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். “இன்னிக்கு அவர்ட்ட சொல்லிருவேன்,” என்றாள். பஸ் வரும் வரை அதையே நாலைந்து தடவை சொன்னாள்.

மகனிடமிருந்து மெசேஜ். மலைப் படத்துக்கு, இத்தனை நாள் கழித்து. ‘அங்க குளிருமா?’ மூன்று முறை வாசித்தேன். நீளமாக எழுதி, அழித்து, ‘நல்லா குளிரும்’ என்று மட்டும் அனுப்பினேன்.

புதன், பிப்ரவரி 4

கவிதா போன் எடுக்கவில்லை. குரூப்பிலும் இல்லை. ராத்தா கீழ்வீட்டில்தான் இருக்கிறார். மேலே சத்தம் ஒன்றும் கேட்கவில்லை என்கிறார். அது நல்லதா, கெட்டதா?

வியாழன், பிப்ரவரி 5

மதியம் ஊசி அறையில் இருந்தபோது தெரியாத நம்பர். கவிதாவின் கணவர். குரல் உயரவில்லை. மரியாதையாகத்தான் பேசினார்.

“சிஸ்டர், என் பொண்ணுக்கு உடம்பு சரியில்லாதப்ப நல்லா பாத்துக்கிட்டீங்க. அந்த மரியாதைலதான் கேக்குறேன். மலைக்குப் போறதுக்கு முன்னாடி கவிதா இப்படி இல்ல. நீங்கதான் அவ மனசுல இதெல்லாம் போட்டீங்களா?”

இல்லை என்பதுதான் உண்மை. அவள்தான் என்னை இதற்குள் இழுத்தாள், நான் கோபப்பட்டு எழுந்து போனவள். அதைச் சொல்லியிருந்தால் அத்தோடு விலகியிருக்கலாம்.

“ஆமா,” என்றேன். “நான்தான்.”

வாய் தானாகப் போயிற்று. “நாளைக்கு வெள்ளிக்கிழம. வீட்டுல இருப்பியளா? நானும் ராத்தாவும் சுகந்தியும் வாறோம். இருந்து பேசுவோம்.”

“வாங்க,” என்றார். கோபமா, அலுப்பா, குரலில் ஒன்றும் தெரியவில்லை.

போனை வைத்தேன். எனக்கு என்ன உரிமை? அவர் முன்னால் உட்கார்ந்து என்ன பேசப் போகிறேன்? எனக்க புருசனிடமே இதுவரை ஒன்றும் பேசாதவள்.

ராத்தாவுக்குச் சொன்னேன். “எறால் பிரியாணி செஞ்சிருறேன். வயிறு நெறஞ்ச மனுசன்ட்ட பேசுறது லேசு.” சுகந்தி: “நான் நாலு மணிக்கு ரூவிக்கு வாறன். புது பிரேக்.” எல்லாம் முடிவாகிவிட்டது. யார் முதலில் பேசுவது, எதைப் பேசக் கூடாது என்றுகூட ராத்தா சொல்லிவிட்டார்.

எழுதும்போதுதான் உறைக்கிறது. கவிதாவை ஒருத்தரும் கேட்கவில்லை.

போன் செய்கிறேன்.